சைக்கிளுக்குப் பஞ்சமில்லை, ஸ்பானர் பிடிக்கும் கைக்குத்தான் பஞ்சம்

2024இல் பிரிட்டனில் அடைக்கலம் கேட்டுக் காத்திருந்த ஒருவருக்கு அரசு தந்த வாரப்படி 49.18 பவுண்டு. சாப்பாடு, சோப்பு, போன், குழந்தைக்குச் செருப்பு எல்லாம் அதற்குள்ளேதான். அதே ஆண்டு லண்டன் பஸ்ஸுக்கு ஏழு நாள் பாஸ் 24.70 பவுண்டு. அதாவது படியில் பாதி போக, மேலே பதினோரு பென்ஸும் போகும். டியூப் என்ற சுரங்க ரயிலில் அந்தப் பாஸ் செல்லாது. ஓட்டல்களில் சாப்பாட்டோடு தங்கவைக்கப்பட்டவர்களின் கணக்கு இதைவிட மோசம். அவர்கள் கைக்கு வந்தது வாரத்துக்கு 8.86 பவுண்டு. ஒரு முறை பஸ் ஏற 1.75. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம் என்ற சலுகை உண்டு. அப்படியும் வாரத்துக்கு ஐந்து பயணம்தான், அதுவும் வேறு எதற்கும் ஒரு பென்ஸ் செலவழிக்காமல் இருந்தால்.

வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கலாமே என்றால் சட்டம் விடாது. மனு போட்டு 12 மாதம் முடிவு வராமல் இழுத்தால்தான் அனுமதி கேட்கவே முடியும். கிடைத்தாலும் அரசு வைத்திருக்கும் குறிப்பிட்ட வேலைப் பட்டியலுக்குள்தான் தேட வேண்டும். 2023 ஜூன் மாதக் கணக்குப்படி முதல் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் 1,75,000 பேர். காத்திருப்பது என்றால் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது என்று அர்த்தமில்லை. வக்கீல் ஒரு மூலையில், ஆங்கில வகுப்பு இன்னொரு மூலையில், இலவச மளிகை தரும் தேவாலயம் வேறொரு பக்கம். உள்துறை அமைச்சகத்தின் லூனார் ஹவுஸ் அலுவலகம் தெற்கே குரோய்டனில் இருக்கிறது. அங்கே வரச் சொன்ன நாளில் போகாவிட்டால் மனுவே ஆட்டம் காணும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் 'தி பைக் ப்ராஜெக்ட்' என்ற அறக்கட்டளையைப் பார்க்க வேண்டும். 2013 முதல் லண்டனில் பழைய சைக்கிள்களைச் சேகரித்து, ஓவராயில் செய்து, அகதிகளுக்கும் அடைக்கலம் கோருவோருக்கும் இலவசமாகத் தருகிறார்கள். பிறகு பர்மிங்காமிலும் தொடங்கினார்கள். இதுவரை கொடுத்தவை 10,000க்கு மேல். நல்ல காரியம் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். என்னை நிறுத்திவைத்தது வேறொரு கேள்வி. லண்டனில் வேண்டாத சைக்கிளுக்குக் குறைவே இல்லை. சைக்கிள் தேவைப்படும் மனிதர்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் காத்திருப்போர் பட்டியல் ஒன்று எப்போதும் இருக்கிறது. நடுவில் குறைவது எது?

தொடக்கம்

அமைப்பைத் தொடங்கியவர் ஜெம் ஸ்டெய்ன். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்தபோது, சூடானின் டார்ஃபூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞருக்கு வழிகாட்டித் தோழராக இருந்தார். அந்த இளைஞருக்குப் பெரிய சிக்கல் எங்கும் போக முடியாததுதான். ஸ்டெய்ன் ஒரு பழைய சைக்கிளைத் தேடிக் கொடுத்தார், சிக்கலின் பாதி தீர்ந்தது. அந்த ஒரு சைக்கிளிலிருந்து பிறந்ததுதான் அமைப்பு. தொண்டு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பிறப்புக் கதை இருக்கும். அதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஒரு சைக்கிளைக் கொடுக்க நல்ல மனது போதும். ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது அது தொழிலாகிவிடுகிறது, தொழிலுக்குரிய எல்லாத் தலைவலியும் கூடவே வந்துவிடுகிறது. விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பட்டறையில்

லண்டன் ரயில் நிலையங்களின் சைக்கிள் நிறுத்தங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்சக்கரம் மட்டும் பூட்டில் மாட்டியிருக்க, மீதி சைக்கிள் திருடு போயிருக்கும். முழு சைக்கிளே மாதக்கணக்கில் துருப்பிடித்துக் கிடக்கும். மாநகராட்சி ஆட்கள் ஒரு சீட்டைக் கட்டிவிட்டுப் போவார்கள், கெடு முடிந்ததும் கம்பியை வெட்டி எடுத்துப்போவார்கள். வீடு மாறுகிறவர்கள், பிள்ளை வளர்ந்துவிட்டவர்கள், புதிதாக வாங்கியவர்கள் எல்லோர் வீட்டிலும் மாடிப்படிக்குக் கீழே ஒன்று கிடக்கும். அதைத் தானமாகக் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். இடம் காலியானால் போதும் அவர்களுக்கு.

ஆனால் தானமாக வந்த சைக்கிளைப் பற்றிய முதல் உண்மை, எந்த இரண்டும் ஒன்றுபோல இருக்காது என்பதுதான். நம் ஊர் சைக்கிள் கடைக்காரருக்கு இந்தத் தொல்லை ரொம்ப நாள் இல்லாமலே இருந்தது. 28க்கு ஒன்றரை டயர் கேட்டால் எந்த ஊரிலும் கிடைக்கும். பிரேக் கட்டை, பால்ரஸ், கோட்டர் பின் எல்லாம் ஒரே அளவு, ஒரே டப்பா. லண்டன் பட்டறைக்கு வரும் பத்து சைக்கிளில் பத்து உலகம் இருக்கும். 26 அங்குலம் என்று டயரில் அச்சிட்டிருந்தாலும் அதற்குள்ளேயே ஒன்றோடொன்று பொருந்தாத அளவுகள் உண்டு. பழைய பிரிட்டிஷ் ரேஸ் சைக்கிளின் 27 அங்குல ரிம்முக்கும் இப்போதைய 700சி ரிம்முக்கும் விட்டத்தில் 8 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பார்வைக்குத் தெரியாது, டயரை மாட்டப் பார்த்தால்தான் தெரியும். பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டின் மரையில் இங்கிலாந்து, இத்தாலி, பிரான்ஸ் என்று நாட்டுக்கு ஒரு சம்பிரதாயம்.

அதனால் முதல் வேலை பழுது பார்ப்பதே இல்லை, பிரிப்பது. ஃபிரேமில் வெடிப்பு இருக்கிறதா என்று வெல்டிங் ஓரங்களில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். சீட் கம்பியை அசைத்துப் பார்க்க வேண்டும். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியக் கம்பி, மேலே லண்டன் மழை, அதோடு சில வருடம் கிரீஸ் காணாமல் இருந்தால் இரண்டும் அரித்து ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்ற ஒரு மெக்கானிக் அரை நாளைத் தொலைக்கலாம், கடைசியில் ஃபிரேமையும் சேர்த்தே தொலைக்கலாம். செயின் இழுத்திருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்கிறார்கள். இழுத்த செயின் பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். அப்போது இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், செலவு இரட்டிப்பு.

இந்தச் சோதனை முடிந்ததும் சைக்கிள்கள் மூன்று குவியலாகப் பிரியும். நியாயமான நேரத்தில் சரியாகிவிடக்கூடியவை ஒன்று. உதிரிக்காகப் பிரித்துப் போட வேண்டியவை இரண்டாவது. மூன்றாவது குவியல்தான் தர்மசங்கடம்: சூப்பர்மார்க்கெட்டில் மலிவாக விற்ற, முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த கனத்த சைக்கிள்கள். பார்க்கப் புதிதாக இருக்கும், கொடுத்தவரும் "ரெண்டு தடவைதான் ஓட்டினேன்" என்பார். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பிரேக் பிடி பிளாஸ்டிக், கியர் தகடு கையால் வளையும், இந்த மாதம் டியூன் செய்தால் அடுத்த மாதம் திரும்பி வரும். தினமும் ஓட்ட வேண்டிய, கடைக்குக் கொண்டுபோகக் கையில் காசில்லாத ஒருவருக்கு அதைக் கொடுப்பது உதவியே இல்லை என்பது என் கட்சி. கொடுத்தவரின் முகம் கோணக் கூடாது என்று வாங்கிவைத்துக்கொள்ளும் பட்டறைகளில் பாதி இடத்தை இவைதான் அடைத்துக்கொண்டிருக்கும்.

சரியாகக்கூடிய சைக்கிளுக்கும் வேலை சுலபமில்லை. கேபிள்கள் எல்லாம் புதிது, பிரேக் கட்டை நான்கும் புதிது. சக்கர நடுவிலுள்ள ஹப்பைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்து, புது பால்ரஸ் போட்டு, ஆட்டமும் இறுக்கமும் இல்லாத அந்த ஒரு புள்ளியில் கோனை நிறுத்த வேண்டும். சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக் நிப்பிள் துருவேறிச் சுழல மறுத்தால் அந்தச் சக்கரமே கழிவு. டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் டயர் புதிது. நல்ல கை உள்ளவருக்கே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், கற்றுக்கொண்டிருப்பவருக்கு ஒரு நாள் போகும். அவர் செய்து முடித்ததை அனுபவசாலி ஒருவர் மறுபடி நட்டு நட்டாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இன்னொருவரின் உயிர் அந்த முன் பிரேக்கில் இருக்கிறது.

தட்டுப்பாடு எங்கே என்று இப்போது தெரிந்திருக்கும். சைக்கிள் வாசலில் குவிகிறது, மனிதர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் இருப்பது ஸ்பானர் பிடித்த கைகளின் மணி நேரம். அதை யாரும் மாடிப்படிக்குக் கீழே சும்மா போட்டுவைப்பதில்லை, தானமாகவும் எளிதில் கிடைக்காது. வாரம் ஒரு மாலை வந்து உதவும் தன்னார்வலர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் இல்லாமல் இது நடக்காது. ஆனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் முடித்ததைச் சரிபார்க்கவும் சம்பளம் வாங்கும் மெக்கானிக் வேண்டும். அந்தச் சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?

நல்லதை விற்பது

'தி பைக் ப்ராஜெக்ட்' இதற்குக் கண்ட வழிகளில் ஒன்று, வந்த சைக்கிள்களில் விலை போகக்கூடியவற்றைப் புதுப்பித்துப் பொதுமக்களுக்கு விற்பது. அந்த வருமானம் பட்டறைக்கு. நன்கொடையும் அறக்கட்டளை நிதியும் தவிர, சொந்தக் காலில் நிற்கும் ஒரு பகுதி இது.

கேட்டவுடன் உறுத்தும். ஏழைக்கென்று கொடுத்த சைக்கிளில் நல்லதைப் பொறுக்கி விற்றுவிட்டு மிச்சத்தை ஏழைக்குக் கொடுப்பதா? எனக்கும் முதலில் உறுத்தியது. பட்டறைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் உறுத்தல் குறைகிறது. கார்பன் ஃபோர்க், மெல்லிய டயர், பத்துப் பன்னிரண்டு கியர் வைத்த ரேஸ் சைக்கிள் ஒன்று வந்தால், அதை அடைக்கலம் கோரும் ஒருவருக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை. மட்கார்டு மாட்ட இடமிருக்காது, கேரியர் மாட்ட ஓட்டை இருக்காது. உதிரி விலை கட்டுப்படியாகாது. தெருவில் நிறுத்தினால் முதலில் திருடு போவதும் அதுதான். அதை விற்றால் சில சாதாரண சைக்கிள்களுக்கான கேபிளும் டியூபும் மெக்கானிக்கின் நேரமும் கிடைக்கும். கொடுக்கும் சைக்கிள் தினசரி உழைப்புக்கு ஏற்றது, விற்கும் சைக்கிள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்றது என்ற பிரிவினை ஒழுங்காக இருக்கும்வரை இது நியாயம்தான். ஆனால் பணமுடை வந்த மாதத்தில் அந்தக் கோடு மெல்ல நகரும். விற்பனை வைத்து நடக்கும் எந்தத் தொண்டு நிறுவனத்திலும் நிர்வாகக் குழு ஒரு கண் வைத்திருக்க வேண்டிய இடம் அது.

வரிசையில் நிற்கும் கைகள்

அகதி அமைப்புகள் பரிந்துரைத்து அனுப்பும் ஆட்கள்தான் சைக்கிள் வாங்க வருகிறார்கள். அவர்களில் பலருக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எரித்திரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அடைக்கலம் கேட்பவர்களில் எரித்திரியர்கள் கணிசம். இத்தாலி ஆண்ட காலத்தில் அந்த நாட்டுக்குள் போன சைக்கிள் பந்தயம், இத்தாலி போன பிறகும் தேசிய வெறியாக நிலைத்துவிட்டது. அஸ்மாராவில் ஞாயிறு காலை பந்தயத்துக்குத் தெருவை அடைப்பார்கள். 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை வென்று பச்சைச் சட்டை வாங்கிய பினியம் கிர்மாய் அந்த ஊர்க்காரர். அந்த மண்ணிலிருந்து வருகிறவர் பட்டறையில் கியர் ஒயர் பிடிப்பதைப் பார்த்தாலே தெரியும்.

நம் ஆட்கள் கதையும் அப்படித்தான். 1980களிலிருந்து லண்டனுக்கு அடைக்கலம் தேடி வந்த ஈழத்தமிழர்களில் யாழ்ப்பாணத்தார் சைக்கிளோடு பிறந்தவர்கள் என்று சொன்னால் மிகையில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்குப் பெட்ரோல் போகவில்லை. விறகு, அரிசி மூட்டை, நோயாளி, கர்ப்பிணி எல்லோரும் எல்லாமும் சைக்கிளில்தான் போயின. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பெடல் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு லண்டன் பட்டறையில் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

அதாவது தட்டுப்பாடாக இருக்கும் கைகளில் சில, சைக்கிள் கேட்டு வரிசையிலேயே நிற்கின்றன. அமைப்பு ஏன் அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது? வைக்க முடியாது. மனு நிலுவையில் இருக்கும்வரை, மேலே சொன்ன அனுமதி இல்லாமல் அவர்களுக்குக் கூலி கொடுப்பது சட்டவிரோதம். தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலராக உதவலாம் என்று உள்துறை அனுமதிக்கிறது. ஆனால் சம்பளத்துக்கு ஒருவர் செய்ய வேண்டிய வேலையைக் கூலியில்லாமல் செய்வது வேறு, தன்னார்வமாக உதவுவது வேறு என்று கோடும் போட்டிருக்கிறது. பஸ் காசும் மதியச் சாப்பாடும் தரலாம், அதற்கு மேல் போனால் வம்பு. இருபது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் பட்டறைக்கு வந்தாலும், அவருக்கு ஒரு சான்றிதழும் ஒரு தேநீரும்தான் கொடுக்க முடியும்.

முடிவு சாதகமாக வந்து அகதி என்று ஏற்கப்பட்டால் அன்றே வேலை செய்யும் உரிமை வந்துவிடும். கூடவே இன்னொன்றும் வரும்: அரசு தந்த தங்குமிடத்தைக் காலி செய்யும் நோட்டீஸ். நீண்ட காலம் அதற்குக் கெடு 28 நாள். 2024 டிசம்பரில் சோதனை முறையில் 56 நாளாக்கினார்கள். கையில் முன்பணமில்லாமல் லண்டனில் வீடு தேடும் ஒருவர் அந்த வாரங்களில் பட்டறையில் உட்கார்ந்து பிரேக் கட்டை மாற்றுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். இந்த முடிச்சை எந்தச் சைக்கிள் அமைப்பும் தானாக அவிழ்க்க முடியாது. அதனால்தான் 'தி பைக் ப்ராஜெக்ட்' கதையைச் சைக்கிள் கதையாக மட்டும் எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை.

கொடுக்கும் நாள்

சைக்கிளோடு ஹெல்மெட், விளக்கு, பூட்டு எல்லாம் சேர்த்தே தருகிறார்கள். இது தாராளம் இல்லை, கட்டாயம். பிரிட்டிஷ் சட்டப்படி இருட்டில் ஓட்டும் சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. விளக்கில்லாமல் ஓட்டும் உள்ளூர்க்காரரைப் போலீஸ் நிறுத்தினால் ஒரு எச்சரிக்கையோடு போகும். மனு நிலுவையில் இருப்பவருக்குப் போலீஸ் நிறுத்துவது என்றாலே வயிற்றைக் கலக்கும். பூட்டும் அப்படித்தான். மெல்லிய கேபிள் பூட்டை லண்டன் திருடன் சில நொடியில் வெட்டிவிடுவான். கனமான இரும்பு டி-பூட்டு வேண்டும், அதை ஃபிரேமோடும் சக்கரத்தோடும் கம்பத்தோடும் சேர்த்துப் போடத் தெரிய வேண்டும்.

சாலையின் எந்தப் பக்கம் என்பதும் சாதாரண விஷயமில்லை. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான்காரர்களுக்கு இடப்பக்கம் ரத்தத்தில் ஊறியது. சிரியா, சூடான், ஈரான், ஆப்கானிஸ்தான், எரித்திரியாவிலிருந்து வருபவர்களுக்கு எல்லாமே தலைகீழ். சந்திப்பில் தப்பான பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கினால் போதும்.

உயரம்தான் யாரும் எதிர்பாராத சிக்கல். தானமாக வருவதில் பெரும்பகுதி, உயரமான ஆண்களின் சைக்கிள். வாங்க வருபவர்களில் ஐந்தடி உயரப் பெண்களும் உண்டு. சின்ன ஃபிரேம், தாழ்ந்த நடுக்கம்பி உள்ள சைக்கிளுக்குத்தான் எப்போதும் கிராக்கி.

பெண்கள்

பெண்களுக்கென்றே 'பெடல் பவர்' என்ற பெயரில் தனி வகுப்பு நடத்துகிறார்கள், சொல்லிக்கொடுப்பவர்களும் பெண்களே. தொடக்கத்தில் சைக்கிள் வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்குத் தேவையில்லை என்பது காரணமில்லை, ஓட்டத் தெரியாது என்பதுதான் காரணம். ஈரானில் பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவது கூடாது என்று 2016இல் கூட அந்நாட்டு உச்சத் தலைவர் கமேனி ஃபத்வா சொன்னார். அந்த ஊரில் வளர்ந்த நாற்பது வயதுப் பெண் லண்டனில் முதன்முறை சீட்டில் ஏறி உட்காரும்போது, பக்கத்தில் ஆண்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று நினைப்பது நியாயம்.

தமிழ் வாசகருக்கு இங்கே புதுக்கோட்டை ஞாபகம் வராமல் இருக்காது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார், பெண் ஊழியர்கள் சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடானது. அங்கே லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது பெண்கள் தயங்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. புதுக்கோட்டையில் பெண்கள் தங்கள் ஊரில், தோழிகளோடு, திரளாக ஓட்டினார்கள். கேலி செய்தவர்களை எண்ணிக்கையே அடக்கியது. லண்டனில் ஒருத்தி வகுப்பு முடிந்ததும் தனியாக, தெரியாத தெருவில், டபுள் டெக்கர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டும். கற்றுக்கொள்வதற்கும் ஓட்டத் தொடங்குவதற்கும் இடையில் இருக்கும் இந்தத் தூரத்தைத் தாண்ட, ஊர் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் புதியவரோடு சேர்ந்து ஓட்டும் ஏற்பாட்டையும் அமைப்பு நடத்தியது. வகுப்பைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன். செலவும் குறைவு.

வேறு இரண்டு வழிகள்

மெக்கானிக்கின் மணி நேரத்துக்கு இருக்கும் தட்டுப்பாட்டை வேறு இடங்களில் வேறு விதமாகச் சமாளித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டனில் இயங்கும் 'பைக்ஸ் நாட் பாம்ப்ஸ்' 1984இல் அரசியலாகத் தொடங்கியது. நிகராகுவாவில் அந்நாட்டு அரசோடு போரிட்ட கான்ட்ரா படைகளுக்கு அமெரிக்காவின் ரீகன் அரசு ஆயுதம் கொடுத்ததை எதிர்த்து, கார்ல் கர்ட்ஸ் என்ற மெக்கானிக்கும் மைக்கேல் ரிப்லோகிள் என்ற போக்குவரத்துத் திட்ட வல்லுநரும் அந்த நாட்டுக்குச் சைக்கிள் அனுப்பினார்கள். பிறகு அதே அமைப்பு பாஸ்டன் பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பையனோ பெண்ணோ பட்டறைக்கு வந்து, ஒரு பழைய சைக்கிளைத் தானே பிரித்துப் பூட்டி ஓவராயில் செய்ய வேண்டும். வேலை முடிந்தால் சைக்கிள் அவர்களுடையது. வாங்குபவரே மெக்கானிக். வேலை மெதுவாகத்தான் நடக்கும், வீணாகும் பாகங்களும் அதிகம். ஆனால் சைக்கிளோடு வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு அடுத்த பஞ்சருக்கு யார் தயவும் வேண்டாம்.

இரண்டாவது வழி நேரெதிர். சிகாகோவின் 'வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப்' பிறந்ததே இலங்கையில்தான் என்று சொல்லலாம். 2004 சுனாமிக்குப் பிறகு, ஸ்ராம் என்ற சைக்கிள் உதிரிபாக நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான எஃப்.கே. டே, அவர் மனைவி லேயா மிஸ்பாக் டே இருவரும் தொடங்கினார்கள். இலங்கையில் 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை வழங்கினார்கள். அவர்கள் பழைய சைக்கிளைத் தொடவே இல்லை. பிறகு ஜாம்பியா போன்ற நாடுகளுக்குப் போனபோது 'பஃபலோ' என்ற ஒரே மாதிரியான சைக்கிளை உருவாக்கினார்கள். கனத்த இரும்பு, ஒற்றை கியர், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், 100 கிலோ தாங்கும் கேரியர். எல்லாச் சைக்கிளுக்கும் ஒரே உதிரி. ஊருக்கு ஊர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்துக் கருவிப் பெட்டியும் தந்தார்கள். ஜாம்பியாவில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து பள்ளிக்குப் போன சிறுமிகளிடம் நடத்திய ஆய்வில், சைக்கிள் கிடைத்தவர்கள் பள்ளிக்கு வராத நாட்கள் 28 சதவீதம் குறைந்தன, பயண நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இதைப் படித்துவிட்டு லண்டனும் புது சைக்கிளே கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஜாம்பியாவில் பழைய சைக்கிளின் உதிரி கிடைக்காது, அதனால் ஒரே மாதிரிதான் பிழைக்கும். லண்டனில் பழைய சைக்கிள் மலைபோலக் கிடக்கிறது, உதிரி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அங்கே புதிதுக்குப் பணம் கொட்டுவது வீண். ஆனால் பாஸ்டன் வழியில் லண்டன் கற்க நிறைய இருக்கிறது. கூலி கொடுக்கத்தான் தடை, கற்றுக்கொள்வதற்கு யாரும் தடை போடவில்லை. தன் சைக்கிளைத் தானே சரிசெய்து எடுத்துப்போகும் அகதி, உள்துறையின் எந்த விதியையும் மீறுவதில்லை.

2020

கோவிட் வந்தபோது இந்த உலகம் தலைகீழானது. பஸ்ஸில் ஏறப் பயந்த நகரம் முழுக்கச் சைக்கிளுக்கு ஓடியது. உலகம் முழுவதும் சைக்கிளும் செயினும் டயரும் கிடைக்கவில்லை. இங்கிலாந்து அரசு ஜூலையில் சைக்கிள் ரிப்பேருக்கு 50 பவுண்டு கூப்பன் அறிவித்தது. முதல் தவணை 50,000 கூப்பன்கள், இணையதளம் கூட்டம் தாங்காமல் முடங்கியது. மக்களுக்கு நல்லதுதான். ஆனால் ஊரில் இருந்த ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் வாரக்கணக்கில் வேலை குவிந்தது. தொண்டுப் பட்டறைகளுக்கோ, வழக்கமாகத் தானமாக வரும் சைக்கிளை வீட்டுக்காரரே துடைத்து ஓட்டத் தொடங்கினார், விலை ஏறியதால் சிலர் விற்றார்கள், தன்னார்வலர்கள் ஒரே அறையில் கூட முடியவில்லை. பஸ் பயம் இருந்த, பஸ் காசு இல்லாத அகதிக்குத் தேவை அதிகரித்த அதே மாதங்களில் இப்படி.

எதை எண்ணுவது

10,000 என்பது வாசலைத் தாண்டிய சைக்கிள்களின் எண்ணிக்கை. நன்கொடையாளர்களுக்கு அந்த எண் போதும். பட்டறை நடத்துபவருக்குப் போதாது என்று நினைக்கிறேன். உள்துறை அமைச்சகம் அடைக்கலம் கோருபவரைக் குறுகிய அறிவிப்பில் வேறு ஊருக்கு மாற்றிவிடும். பஸ்ஸில் ஏற்றி அனுப்பும்போது சைக்கிளுக்கு இடமிருக்காது. ஓட்டலில் நிறுத்த இடமில்லாமல் மழையில் நிற்கும். பின் டியூப் போனால் மாற்றக் கையில் காசிருக்காது. இவை எல்லாம் கொடுத்த பிறகு நடப்பவை. கொடுத்த அன்று எடுத்த கணக்கில் இவற்றுக்கு இடமில்லை.

நான் அந்த நிர்வாகக் குழுவில் இருந்தால் இரண்டு எண்களைக் கேட்பேன். ஒரு சைக்கிளுக்குச் சம்பளம் வாங்கும் மெக்கானிக்கின் மணி நேரம் எவ்வளவு போகிறது என்பது ஒன்று. அது குறைகிறதா என்று பார்த்தால், பிரிக்கும் வேலை ஒழுங்காக நடக்கிறதா, சூப்பர்மார்க்கெட் சைக்கிளுக்கு வாசலிலேயே "வேண்டாம், நன்றி" சொல்லப் பழகிவிட்டோமா என்று தெரியும். இரண்டாவது, ஆறு மாதம் கழித்து ஒரு போன். வண்டி ஓடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, இல்லையென்றால் எந்தக் கிழமை கொண்டுவர முடியும். சைக்கிள் வாங்கியவரின் மொழி தெரிந்த தன்னார்வலர் ஒருவர் பேசினால் ஐந்து நிமிடம், ஒரு டியூப் விலைகூட ஆகாது.